ஏ1சி 4.9, மெஷினும் சரி, ஆனா சுகர் மட்டும் சரியில்ல: ஒரு கேஸ்

அக்கா, தம்பி ரெண்டு பேருக்கும் டைப் 2 சுகர். ரெண்டு பேர் வீட்டு மீட்டர்லயும் வெறும் வயித்துல 160, 170, 180-ன்னுதான் வரும். ஆனா ஏ1சி (மூணு மாச சராசரி சுகர்னு சொல்ற ரத்த டெஸ்ட்) எடுத்தா அக்காவுக்கு 8.2, தம்பிக்கு 4.9. அதனால ஒவ்வொரு செக்கப்லயும் அக்கா திட்டு வாங்குவாங்க, தம்பி சபாஷ் வாங்குவாரு. பல வருஷமா இப்படியே ஓடியிருக்கு. கடைசில பாத்தா ரெண்டு பேர் சுகரும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

நான் டாக்டர் இல்ல, லேப்ல வேலை பாக்குற ஆளு. இந்தக் கேஸ் எங்க டேபிள் வழியாப் போனதால உள்ள என்ன நடந்துச்சுன்னு முழுசாத் தெரியும், அதான் எழுதுறேன். ஆளு யாருன்னு தெரியக்கூடாதுன்னு சொந்த விவரமெல்லாம் விட்டுட்டேன்.

தம்பிக்கு வயசு 54. சுகர் இருக்குன்னு தெரிஞ்சது 45 வயசுல, அதுவும் தற்செயலா. பித்தப்பைல கல்லுன்னு ஆபரேஷனுக்குப் போனவருக்கு அதுக்கு முன்னாடி எடுக்குற ரத்த டெஸ்ட்ல வெறும் வயித்துல 148, குளுக்கோஸ் குடிச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு 236. சுகர்தான்னு முடிவு பண்ண அதுவே போதும், அதனால அப்ப யாரும் ஏ1சி பக்கம் போகல. (இந்தப் பித்தப்பைக் கல்லை மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.) மெட்ஃபார்மின் மாத்திரை ஆரம்பிச்சாங்க, ரெண்டு வருஷத்துல இன்சுலினைச் சுரக்க வச்சு சுகரை இறக்குற கிளிமிபிரைடும் சேந்துச்சு. அதுக்கப்புறம் எடுத்த ஏ1சி எல்லாமே 4.6, 4.7, 4.9 இந்த ரேஞ்சுதான்.

கிளிமிபிரைடு சாப்பிடுறவருக்கு 4.7 வந்தா எந்த டாக்டருக்கும் முதல்ல வர்ற பயம் லோ சுகர். தூக்கத்துல சுகர் இறங்கிடுமோ, எங்கயாவது மயங்கி விழுந்துடுவாரோன்னு. அதனால மாத்திரையைப் பாதியாக்கி, அடுத்த விசிட்ல நிறுத்தியே விட்டாங்க. அந்த நம்பரை நம்பினா அது சரியான முடிவுதான், இதுல டாக்டரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரல. நம்பரை ஏன் நம்பினாங்கங்கறதுதான் கேள்வி.

இவரு நோட்டுல எழுதிக்கிட்டேதான் வந்திருக்காரு. 172, 181, 166, சாப்பிட்டு ரெண்டு மணி நேரத்துல 240, 255. அந்த நோட்டைக் காட்டினா மீட்டர் பழசு, மாத்துங்கன்னாங்க. மாத்தினாரு. ஸ்ட்ரிப் எக்ஸ்பைரி பாருங்கன்னாங்க. பாத்தாரு. கையைக் கழுவிட்டுக் குத்துங்கன்னாங்க, அதையும் செஞ்சாரு. நம்பர் மாறல. ஒரு கட்டத்துல அவரே ரிப்போர்ட் பக்கம் சாஞ்சுட்டாரு, மூணு மாச சராசரியே நல்லா இருக்கும்போது ஒரு சொட்டு ரத்தத்தை எதுக்கு நம்பணும்னு. நல்ல செய்தி சொல்றவனைத்தானே நாம நம்புவோம்.

முடிச்சை அவுத்தது கண் டாக்டர். வருஷாந்திர செக்கப்ல ரெண்டு விழித்திரையிலயும் நுண்ணிய ரத்தக்குழாய்ப் புடைப்பு, அங்கங்க புள்ளி புள்ளியா ரத்தக் கசிவு, அதாவது சர்க்கரையால வர்ற விழித்திரை பாதிப்போட ஆரம்பம். பிபி நார்மல். 4.9 காரருக்கு இது எப்படி வரும்? சீட்டுல ஒரே வரிதான் எழுதிக் குடுத்திருந்தாங்க: ஏ1சி பொருந்தல, மறுபடி பாக்கவும்.

அந்தச் சீட்டோட எங்க கிட்ட வந்தாரு. நோட்டை டேபிள்ல வச்சாரு.

"தம்பி, உங்க மெஷின்ல ஏதாவது கோளாறு இருக்கான்னு கொஞ்சம் பாருங்க."

"மெஷினைப் பாக்குறேன் சார். அதுக்கு முன்னாடி உங்க மீட்டரைப் பாத்துடலாம்."

அன்னிக்குக் காலைல வெறும் வயித்துலதான் வந்திருந்தாரு. ஒரே நேரத்துல விரல்ல குத்தி அவரோட மீட்டர்ல ஒண்ணு, கை நரம்புல எடுத்து சுகர் டெஸ்டுக்கான சாம்பல் மூடி டியூப்ல ஒண்ணு. மீட்டர் 178, லேப்ல பிளாஸ்மால (ரத்தத்தோட நீர்ப்பகுதி) அளந்தது 171. வீட்டு மீட்டருக்கு இது ரொம்ப நல்ல பொருத்தம். இதை முதல்ல செஞ்சதுக்கு ஒரு காரணம் இருக்கு, ரத்தத்துல சிவப்பணு குறைஞ்சா சில ஸ்ட்ரிப்ல சுகர் கூடக் காட்டும், கூடுனா குறைச்சுக் காட்டும், அதனால மீட்டர் ஏ1சி சண்டையில மீட்டர் பக்கமும் தப்பு இருக்கலாம். இங்க இல்ல. நோட்டு ஜெயிச்சுருச்சு.

அடுத்தது நம்ம மெஷின். நாங்க ஏ1சி பாக்குறது எச்பிஎல்சி முறையில, அதாவது ஹீமோகுளோபினை வகை வகையா பிரிச்சு ஒவ்வொண்ணும் எவ்வளவுன்னு கிராஃபா வரும். அளவு முன்னாடியே தெரிஞ்ச கன்ட்ரோல் சாம்பிள் ரெண்டு லெவல்லயும் சரியா ஓடுச்சு. முதல் சந்தேகம் ஹீமோகுளோபின் வேரியன்ட், எஸ், ஈ, சி மாதிரி பிறவியிலயே மாறின ஹீமோகுளோபின் இருந்தா சில மெஷின் குழம்பும். கிராஃபை நிதானமா பாத்தேன், வேண்டாத முகடு ஒண்ணு கூட இல்ல, எஃப் பகுதியும் (கருவுல இருக்கும்போது இருக்குற ஹீமோகுளோபின்) கொஞ்சம்தான், ஏ1சி முகடு மட்டும் குட்டியா ஒழுங்கா நிக்குது. 4.9. சரி, இன்னொரு முறையில பாப்போம்னு போரோனேட் அஃபினிட்டி மெஷின் இருக்குற இடத்துக்கு அனுப்பினோம், அது வேற வழியில அளக்கும், வேரியன்ட் தொல்லை பெருசா இருக்காது. அங்க 5.0.

ரெண்டு மெஷினும் ஒரே பதில் சொல்லுதுன்னா அளவு சரி. அந்த டியூப்ல இருந்த ஹீமோகுளோபின்ல நெசமாவே 4.9 சதவீதத்துலதான் சர்க்கரை ஒட்டியிருக்கு. தப்பு மெஷின்ல இல்ல, அந்த 4.9-க்கு நாம குடுத்த அர்த்தத்துல.

இதுக்கு நடுவுல ஒண்ணு நடந்துச்சு. அவரோட ஊதா மூடி டியூப் ஸ்டாண்டுல நின்னுக்கிட்டு இருந்துச்சு, ரெண்டு மணி நேரம் ஆனதும் சிவப்பு எல்லாம் கீழ இறங்கி மேல பிளாஸ்மா தனியா நிக்கும்ல, பக்கத்துல இருந்த டியூப்ல எல்லாம் அது வெளுத்த வைக்கோல் நிறம், இவரோடது மட்டும் நல்ல மஞ்சள். ரொம்ப இல்ல, தனியா பாத்தா தெரியாது, பக்கத்துல வச்சுப் பாத்தாத்தான் தெரியும். டியூப்பைத் தூக்கி லைட்டுக்கு நேரா ஒரு நிமிஷம் புடிச்சுப் பாத்துட்டு டாக்டருக்கு ஃபோன் பண்ணினேன். சார், பிலிரூபின் பாத்துடலாமா, கூடவே ரெட்டிகுலோசைட்டும்? (பிலிரூபின் சிவப்பணு உடைஞ்சா வர்ற மஞ்சள் பொருள், ரெட்டிகுலோசைட் மஜ்ஜைலேருந்து இப்பதான் வந்த இளம் சிவப்பணு.) அவர் சட்டுனு புரிஞ்சுக்கிட்டாரு, லிஸ்டை அவரே நீட்டிச் சொன்னாரு.

வந்த ரிசல்ட்: ஹீமோகுளோபின் 12.4, ஆம்பளைக்குக் கொஞ்சம் கம்மி, ஆனா யாரும் கவலைப்படுற அளவு இல்ல. எம்சிஎச்சி, அதாவது சிவப்பணுவுக்குள்ள ஹீமோகுளோபின் எவ்வளவு அடர்த்திங்கறது, 36.9, இது உயர்வு. ரெட்டிகுலோசைட் 4.2 சதவீதம், சாதாரணமா 2-க்குள்ள இருக்கணும். மொத்த பிலிரூபின் 2.6, அதுல நேரடி வகை 0.4 மட்டும்தான், மிச்சமெல்லாம் மறைமுகம், அதாவது லிவர் இன்னும் கையாளாதது. செல் உடைஞ்சா ஏறுற எல்டிஎச்சும் உயர்வு. உடைஞ்ச செல்லோட ஹீமோகுளோபினைப் புடிச்சுக்கிட்டுத் தீந்து போற ஹேப்டோகுளோபின் அளக்கவே முடியாத அளவு கம்மி. உடம்பே தன் சிவப்பணுவைத் தாக்குதான்னு பாக்குற கூம்ப்ஸ் டெஸ்ட் நெகட்டிவ், சிவப்பணுவைக் காப்பாத்துற ஜி6பிடி என்சைம் நார்மல். மொத்தத்துல சிவப்பணு சீக்கிரமா உடையுது, ஏன்னுதான் தெரியல.

கடைசியா ஸ்மியர், அதாவது ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடி ஸ்லைடுல தடவிப் பாக்குறது. மைக்ராஸ்கோப்ல சாதாரண சிவப்பணு நடுவுல வெளுத்து, விளிம்புல சிவந்து, நடுவுல அமுக்கின வடிவத்துல இருக்கும். இவரோட ஸ்லைடுல அப்படிப்பட்டதுக்கு நடுநடுவுல சின்னதா, உருண்டையா, நடுவுல வெளுப்பே இல்லாம கெட்டிச் சிவப்பா நிறைய. ஸ்ஃபீரோசைட், உருண்டைச் சிவப்பணு. பாத்த உடனே எனக்கு அந்தப் பித்தப்பைக் கல்லு ஞாபகம் வந்துச்சு.

அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"சார், உங்க கண்ணு எப்பவாவது மஞ்சளா இருக்குன்னு யாராவது சொன்னாங்களா?"

"சின்ன வயசுலேருந்தே சொல்வாங்க தம்பி. காய்ச்சல் வந்தா கொஞ்சம் கூடும். லிவர் டெஸ்ட் எல்லாம் எடுத்துட்டு லிவர் நல்லாருக்கு, பயப்படாதீங்கன்னு சொல்லிட்டாங்க."

"வீட்ல வேற யாருக்காவது?"

"அக்காவுக்கு இதைவிட ஜாஸ்தியா இருந்துச்சு. ஒன்பது வயசுல மண்ணீரலை எடுத்துட்டாங்க, அப்புறம் சரியாயிடுச்சு."

அந்த ஒரு பதில்ல கேஸ் பாதி முடிஞ்சுருச்சு. ஸ்கேன்ல மண்ணீரல் 15.5 செ.மீ., வீங்கியிருக்கு. சிவப்பணு சவ்வுப் புரதத்தைப் பாக்குற ஈஎம்ஏ பைண்டிங்னு ஃப்ளோ சைட்டோமெட்ரி மெஷின்ல பண்ற டெஸ்ட்டும் குறைஞ்சு வந்துச்சு. மைல்டு வகை ஹெரிடிட்டரி ஸ்ஃபீரோசைட்டோசிஸ், பரம்பரையா வர்ற சிவப்பணு சவ்வுக் கோளாறு. 54 வருஷமா கூடவே இருந்திருக்கு.

இப்ப இதுக்கும் சுகருக்கும் என்ன சம்பந்தம்?

ஏ1சின்னா மூணு மாச சராசரி சுகர்னு எல்லாரும் சொல்றோம், நானும் கவுன்டர்ல அப்படித்தான் சொல்வேன், வேற எப்படிச் சொல்றது. ஆனா அந்த டெஸ்ட் சுகரை அளக்கவே இல்ல. ஹீமோகுளோபினோட பீட்டா சங்கிலி முனையில இருக்குற வாலின் மேல குளுக்கோஸ் தானா போய் ஒட்டிக்கும், இதுக்கு என்சைமும் வேண்டாம் இன்சுலினும் வேண்டாம். முதல்ல ஒட்டுறது பிரிஞ்சுடலாம், அப்புறம் மெதுவா ஒரு மாற்றம் நடந்து கெட்டியாயிடும், அதுக்கப்புறம் அந்தச் சிவப்பணு சாகுற வரைக்கும் பிரியாது. சிவப்பணுவுக்குள்ள குளுக்கோஸ் போறதுக்குக் கதவு எப்பவும் தொறந்தேதான் இருக்கு, அதனால வெளிய எவ்வளவோ உள்ளயும் கிட்டத்தட்ட அவ்வளவு. எத்தனை சதவீதம் ஒட்டிச்சுங்கறது ரெண்டு விஷயத்தைப் பொறுத்தது: ரத்தத்துல எவ்வளவு சர்க்கரை, அந்தச் செல் எத்தனை நாள் அதுல ஊறுச்சு. ரிப்போர்ட்ல வர்றது ரெண்டோட பெருக்கல். நாம முதலாவதை மட்டும் படிக்கிறோம், ரெண்டாவது எல்லாருக்கும் ஒண்ணுன்னு வாய்விட்டுச் சொல்லாமலே எடுத்துக்கிறோம்.

அந்த ரெண்டாவது சுமார் 120 நாள்னு பாடப்புத்தகம் சொல்லும். எலும்பு மஜ்ஜைல ஒரு செகண்டுக்கு 20 லட்சத்துக்கு மேல புதுச் செல் வருது, அதே கணக்குல பழசு போகுது. அதனால எந்த நேரத்துல ரத்தம் எடுத்தாலும் அதுல நேத்துப் பொறந்ததும் இருக்கும், நாளைக்குச் சாகப்போறதும் இருக்கும், சராசரி வயசு சுமார் 60 நாள். சென்ட்ரிஃபியூஜ்ல நல்லா சுத்தி அடுக்கு அடுக்கா பிரிச்சா இளசு மேலயும் கனமான கிழடு அடியிலயும் நிக்கும், ஒரே ஆளோட ஒரே டியூப்ல அடியில எடுத்த ஏ1சி மேல எடுத்ததை விடக் கூட இருக்கும். இன்னொண்ணு, மூணு மாசத்துக்கும் சம பங்கு கிடையாது, கடைசி ஒரு மாச சுகர்தான் நம்பர்ல கிட்டத்தட்ட பாதி, அதுக்கு முந்தின மாசம் கால்வாசி, அதுக்கு முன்னாடி போன ரெண்டு மாசமும் சேந்து மிச்ச கால்வாசி.

ஸ்ஃபீரோசைட்டோசிஸ்ல செல்லைப் புடிச்சு வச்சிருக்குற சவ்வுப் புரதங்கள்ல ஒண்ணு பிறவியிலயே சரியில்ல (ஸ்பெக்ட்ரின், ஆன்கிரின், பேண்டு 3, இப்படி ஏதோ ஒண்ணு). செல் கொஞ்சம் கொஞ்சமா தோலை இழந்து உருண்டை ஆகும். ஆரோக்கியமான சிவப்பணு 7, 8 மைக்ரான் அகலம் இருந்தாலும் வளைஞ்சு நெளிஞ்சு மண்ணீரலோட 1, 2 மைக்ரான் இடுக்குல நுழைஞ்சு வந்துடும், உருண்டையால முடியாது. அங்கயே மாட்டிக்கும், அங்கயே அழிஞ்சிடும். அழிஞ்ச செல்லோட ஹீமோகுளோபின் உடைஞ்சு பிலிரூபின், அதான் மஞ்சள் கண்ணு, அதான் கல்லு. மஜ்ஜை வேகத்தைக் கூட்டி ஈடு கட்டிடுறதால ஹீமோகுளோபின் 12.4-லயே நிக்குது, அனீமியான்னு யாருக்கும் தோணாது. ஆனா ஓடிக்கிட்டு இருக்குற செல் எல்லாமே இளசு. சர்க்கரைல ஊற அதுக்கு டைமே கிடைக்கல.

எவ்வளவு இளசுன்னு ஒரு தோராயக் கணக்கு போட்டுப் பாத்தோம். கையில சிஜிஎம் சென்சார் (ராத்திரி பகலா சுகரை அளந்துக்கிட்டே இருக்குறது) ஒட்டி 14 நாள் விட்டாங்க, சராசரி 188 மி.கி. ஏ1சியையும் சராசரி சுகரையும் ஒப்பிட்டு 2008-ல வந்த ஏடிஏஜி ஆய்வோட ஃபார்முலா: ஏ1சியை 28.7-ஆல பெருக்கி 46.7 கழிச்சா சராசரி சுகர். திருப்பிப் போட்டா 188-க்கு ஏ1சி 8.2 பக்கம் வரணும். வந்தது 4.9. 4.9-ஐ 8.2-ஆல வகுத்தா 0.6. 120 நாள்ல 0.6 பங்குன்னா 72 நாள். இது கச்சாக் கணக்கு, நெசமான ஆயுளை அளக்கணும்னா ரேடியோ குரோமியம் அடையாளம் போட்டுப் பாக்குற பழைய முறை மாதிரி ஏதாவது பண்ணணும், இவருக்கு அது தேவைப்படல. ஆனா 72-ங்கற எண்ணைப் பாத்த டாக்டர் கொஞ்ச நேரம் பேசவே இல்ல. எந்தத் தப்பான மாத்திரையும் இல்லாம, எந்த மெஷின் கோளாறும் இல்லாம, வெறும் 48 நாள் வித்தியாசத்துல 8.2 போய் 4.9 ஆயிடுச்சு.

ஃபிரக்டோசமைனும் பாத்தோம். இது ஹீமோகுளோபினை விட்டுட்டு ரத்தத்துல இருக்குற புரதம், முக்கியமா ஆல்புமின், அதுல ஒட்டின சர்க்கரையை அளக்கும், ரெண்டு மூணு வாரக் கதை சொல்லும், சிவப்பணு ஆயுளுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. 368 மைக்ரோமோல், உச்ச வரம்பு சுமார் 285. இதை ஏ1சிக்கு மாத்துற வழக்கமான கணக்கைப் போட்டா 7.9 பக்கம் வருது, சிஜிஎம்மோட ஒத்துப்போகுது. ஆனா ஃபிரக்டோசமைன் பாக்கும்போது ஆல்புமினையும் சேத்துப் பாக்கணும், கிட்னி வழியா புரதம் கொட்டுறவங்களுக்கும் லிவர் கெட்டவங்களுக்கும் இதுவும் பொய் சொல்லும். இவருக்கு ஆல்புமின் 4.3, பிரச்சினை இல்ல.

இப்ப அக்கா. 59 வயசு, சுகர் வந்து ஆறு வருஷம். அவங்களையும் கூட்டிட்டு வரச் சொன்னோம். அதே பரம்பரைக் கோளாறு, ஆனா செல்லைப் புடிச்சு அழிக்கிற இடத்தையே ஒன்பது வயசுல எடுத்தாச்சு, அதனால உருண்டையா இருந்தாலும் செல்லு கிட்டத்தட்ட முழு ஆயுசு வாழுது. ஸ்மியர்ல ஸ்ஃபீரோசைட் தம்பியை விட அதிகமாவே தெரிஞ்சுது, கூடவே சின்னச் சின்னக் கரும்புள்ளியா ஹோவெல் ஜாலி பாடி, மண்ணீரல் இல்லாதவங்க முத்திரை அது. ரெட்டிகுலோசைட் 1.6. அவங்களுக்கும் சிஜிஎம் போட்டதுல சராசரி 184, ஃபார்முலாப்படி 8.0, ரிப்போர்ட் 8.2. மண்ணீரல் எடுத்தவங்களுக்கு ஏ1சி கொஞ்சம் தூக்கலாவே வரலாம், அந்த 0.2 அதுவா சாதாரண ஏத்த இறக்கமான்னு பிரிச்சுச் சொல்ல முடியாது, விட்டுடலாம்.

விஷயம் புரிஞ்சதும் அந்தம்மா தம்பியைப் பாத்து, "ஏன்டா, இத்தனை வருஷம் நான் வாங்கின திட்டுல பாதி உனக்குச் சேர வேண்டியதாடா?"ன்னு கேட்டாங்க. அவரு சிரிச்சாரு, ஆனா முகம் சரியில்ல. கண்ணுல புள்ளி விழுந்தது அவருக்குத்தானே.

ஏன் இவ்வளவு நாள் யாரும் புடிக்கலன்னு யோசிச்சா, ஆளாளுக்கு ஒரு துண்டு தெரிஞ்சிருக்கு. மஞ்சள் கண்ணைப் பாத்தவங்க லிவரைப் பாத்தாங்க. கல்லைப் பாத்தவங்க கல்லை எடுத்தாங்க. சுகரைப் பாத்தவங்க ஏ1சியைப் பாத்தாங்க. அக்காவோட மண்ணீரலைப் பத்தி யாரும் கேக்கவே இல்ல, இவரும் அதுக்கும் சுகருக்கும் என்ன சம்பந்தம்னு சொல்லல. எங்க லேப் பக்கமும் தப்பு இருக்கு, சுகர் மருந்து சாப்பிடுற ஆளுக்கு 4.6-ன்னு வந்தப்பவே ஒரு குறிப்பு போட்டிருக்கணும், அதே பேப்பர்ல பக்கத்துலயே ஃபாஸ்டிங் 165 அச்சாகியிருக்கு. ரெண்டு வரிக்கு நடுவுல ஒரு விரல் கூட இடைவெளி இல்ல. நாங்க ரெண்டையும் தனித்தனியா சரிபாத்து அனுப்பிட்டோம்.

அரிய நோய்க்காரங்களுக்கு மட்டும்தான் இதெல்லாம்னு நினைக்காதீங்க. 2008-ல ரத்த நோய் எதுவுமே இல்லாதவங்களோட சிவப்பணுவுக்கு பயோட்டின் அடையாளம் போட்டு அளந்தாங்க, சராசரி செல் வயசே ஆளுக்கு ஆள் சுமார் 38 நாள்லேருந்து 60 நாள் வரைக்கும் மாறுச்சு. அதாவது நார்மல் ஆளுங்களுக்குள்ளயே ஒரே சுகருக்கு வேற வேற ஏ1சி வர இடம் இருக்கு. ஜி6பிடி குறைபாடு இன்னொரு பெரிய கூட்டம், சுமார் 1,60,000 பேரை வச்சு 2017-ல வந்த மரபணு ஆய்வுல, ஆப்பிரிக்க வம்சாவளியினர்கிட்ட பரவலா இருக்குற ஒரு ஜி6பிடி மாற்றம் உள்ள ஆம்பளைங்களுக்கு ஏ1சி 0.8 அளவுக்குக் குறைச்சலா வருதுன்னு தெரிஞ்சுது. தோல் நோய்க்கும் தொழுநோய்க்கும் குடுக்குற டாப்சோன் சாப்பிட்டாலும் செல் சீக்கிரம் உடையும், ஏ1சி இறங்கும். டயாலிசிஸ்ல இருந்துக்கிட்டு புதுச் சிவப்பணுவைத் தூண்டுற எரித்ரோபாய்ட்டின் ஊசி போடுறவங்க, அண்மையில ரத்தம் ஏத்தினவங்க, கர்ப்பிணிங்க, எல்லாருக்கும் நம்பர் ஒரு பக்கம் சாயும்.

எதிர்ப் பக்கமும் உண்டு. இரும்புச்சத்து கம்மியானா புதுச் செல் வரத்து குறைஞ்சு ரத்தத்துல பழசே நிறைய நிக்கும், ஏ1சி இருக்குறதை விடக் கூடக் காட்டும். பி12, ஃபோலேட் குறைவும் அப்படித்தான். அதுக்கு மருந்து ஆரம்பிச்சா இளஞ்செல் வெள்ளமா வந்து ஏ1சி தடதடன்னு இறங்கும், ஆளு டயட்டுல சாதிச்சுட்டோம்னு நினைச்சுப்பாரு, சாதிச்சது இரும்பு மாத்திரை. மெட்ஃபார்மின் வருஷக்கணக்கா சாப்பிட்டா பி12 குறையலாம்ங்கறதையும் இதோட சேத்துக்கோங்க.

இதுக்காக ஏ1சியைத் தூக்கிப் போடுங்கன்னு நான் சொல்லல, சொன்னா என் வேலையே போயிடும். 1968-ல தெஹ்ரான்ல சாமுவேல் ரஹ்பர் சுகர்காரங்க ரத்தத்துல இந்த வித்தியாசமான ஹீமோகுளோபினைக் கவனிச்சதுலேருந்து, 1993-ல சுகர்காரங்களை வச்சு நடந்த டிசிசிடிங்கற பெரிய ஆய்வு ஏ1சியைக் குறைச்சா கண்ணும் கிட்னியும் நரம்பும் தப்பிக்கும்னு காட்டின வரைக்கும் அது சம்பாதிச்ச பேர் சும்மா வந்தது இல்ல. 2010-ல அமெரிக்க டயாபெட்டிஸ் சங்கமும் 2011-ல உலக சுகாதார நிறுவனமும் 6.5-ங்கற கோட்டை வச்சு சுகர் இருக்குன்னு முடிவு பண்ணலாம்னு ஏத்துக்கிட்டாங்க. ஆனா அளவைக் கெடுக்குற நிலைமை எதுவும் இல்லாதவங்களுக்குன்னு அதோடயே ஒரு நிபந்தனையும் இருக்கு. அந்த நிபந்தனையைப் படிக்கிறவங்கதான் கம்மி.

இவருக்கு அப்புறம் என்ன பண்ணாங்கன்னா, மருந்தைத் திரும்ப ஏத்தினாங்க. ஏ1சியை இனி இலக்கா வைக்கக் கூடாதுன்னு ஃபைலோட முதல் பக்கத்துலயே எழுதினாங்க. கணக்கு முழுக்க சிஜிஎம், ஃபிரக்டோசமைன், அவரோட நோட்டு. 70-லேருந்து 180-க்குள்ள இருக்குற நேரம் முதல் தடவை 44 சதவீதம், ஆறு மாசத்துல 73, பொதுவா 70-க்கு மேல இருந்தா நல்லதும்பாங்க. சராசரி 152-க்கு வந்துச்சு, ஃபிரக்டோசமைன் 312. ஆர்வக்கோளாறுல ஏ1சியும் ஓட்டிப் பாத்தேன், 4.2. நம்ம 0.6 கணக்கு சொன்னது 4.1, கிட்டத்தட்ட அங்கயே போய் விழுந்துருச்சு.

அப்ப டாக்டர் ஒண்ணு கேட்டாரு, இவருக்குன்னு தனியா ஒரு அட்டவணை போட்டுக்கலாமே, 4.2-ன்னா 7-ன்னு? நல்ல யோசனைதான், ஆளுக்கு ஆள் செல் வயசை வச்சு ஏ1சியைத் திருத்துற மாடல் 2016-லயே வந்திருக்கு. ஆனா ஸ்ஃபீரோசைட்டோசிஸ்ல செல் உடையுற வேகம் ஒரே மாதிரி இருக்காது, காய்ச்சல் வந்தா கூடும், பார்வோ வைரஸ் தொத்துனா மஜ்ஜை கொஞ்ச நாள் புதுச் செல் போடுறதையே நிறுத்திடும், அப்ப மிச்சம் இருக்குற செல்லெல்லாம் கிழடாகி ஏ1சி சும்மாவே ஏறும். 0.6 அன்னிக்கு 0.7 ஆயிடும், யாருக்கும் தெரியாது. வேண்டாம்னு விட்டாங்க.

போன மாசம் அவரு பையனைக் கூட்டிட்டு வந்தாரு. 27 வயசு, வேலையில சேரும்போது எடுத்த ஹெல்த் செக்கப் ரிப்போர்ட் கையில, ஏ1சி 4.7, பக்கத்துல பச்சை டிக். இந்தக் கோளாறு பெரும்பாலும் பெத்தவங்க ஒருத்தர்கிட்ட இருந்தாலே பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. ரெட்டிகுலோசைட் பாத்தேன், 3.6. டியூப்பை ஸ்டாண்டுல வச்சேன், பக்கத்து டியூப்பை விட மஞ்சள். சாம்பல் மூடி டியூப்ல வெறும் வயித்துல 108, குளுக்கோஸ் குடிச்சு ரெண்டு மணி நேரத்துல 152. சுகர் இல்ல, ஆனா சுகருக்கு முந்தின கட்டம்.

பையன் ரிப்போர்ட்டை வாங்கிப் பாத்துட்டு, "அப்ப அந்தப் பச்சை டிக்?"ன்னான். அவங்கப்பா பதில் சொல்லல, பைல இருந்து புதுசா ஒரு நோட்டை எடுத்து அவன் கையில குடுத்தாரு.